ஒரு ரோல் கல்யாணம்

கண்ணால் பார்க்காத எதையும் கலியமூர்த்தி நம்ப மாட்டார். பொண்டாட்டி கொளஞ்சியம்மாள் சோறு வெந்துவிட்டது என்று சொன்னால்கூட, சட்டியைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கை கழுவ எழுந்திருப்பார். அதில் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. விருத்தாசலம் செராமிக்கில் இருபத்திரண்டு வருஷம் சூளை எரித்தவருக்குப் புத்தி வேறு எப்படிப் போகும்? பியூஸ் கட்டையும் ஊறுகாய் ஜாடியும் பொம்மையுமாக உள்ளே அடுக்கி, வாசலைச் செங்கல்லால் அடைத்து, மண் பூசி, நெருப்பு வைத்துவிட்டால் அதற்கப்புறம் உள்ளே நடப்பது சாமிக்குத்தான் வெளிச்சம். சாமியை நம்பி எந்த முதலாளியும் சம்பளம் கொடுப்பதில்லை. அதனால் சுவரில் ஒரே ஒரு செங்கல்லை மட்டும் பூசாமல் விட்டிருப்பார்கள். இரும்புக் கொக்கியால் அந்தக் கல்லை இழுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளே பார்க்க வேண்டும். நெருப்பு சிவப்பாக இருக்கிறதா, மஞ்சளாகிவிட்டதா, வெளுக்க ஆரம்பித்துவிட்டதா என்று கண்டுகொண்டு, கல்லைத் திரும்பச் செருகிவிட வேண்டும். ஒரு பார்வை, அவ்வளவுதான். பார்த்ததனால் கெட்ட சூளை என்று ஒன்று கிடையாது. பார்க்காமல் விட்டுத்தான் கெட்டிருக்கிறது.

இதை இவ்வளவு நீட்டி முழக்கக் காரணம் இருக்கிறது. பாவி மனுஷன், பெற்ற மகள் வாழ்க்கையைக் கொண்டுபோய் அந்தச் செங்கல்லில்தான் மோதினார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் வைகாசியில் மகள் கயல்விழிக்குக் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை ராஜமாணிக்கம், இந்த ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கம். தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கயல்விழி செராமிக்கிலேயே பொம்மைக்குக் கண் எழுதும் வேலையில் இருந்தாள். ஒரு நாளைக்கு முந்நூறு பொம்மைக்குக் கண் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவள் கண் ரெண்டும் கோவைப்பழமாக இருக்கும். அவள் சம்பளத்தில்தான் அவளுக்கு வந்த அரைச் சவரன் தோடும். நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கலர்ல நல்லதா ஒரு ஆல்பம் போட்டுடுப்பா. வேற ஒண்ணும் ஒன்ன கேக்க மாட்டன்."

அதற்காகத்தான் கலியமூர்த்தியும் கொளஞ்சியம்மாளும் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த சக்கரபாணியின் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். கொளஞ்சியம்மாளின் தம்பி சுப்புராயனும் துணைக்கு வந்தான். எந்தக் கடைக்குப் போனாலும் விலையைக் குறைத்துக் காட்டுவதில் அவன் கெட்டிக்காரன்.

"ரெண்டாயிரத்தி ஐநூறா? பட்டன அமுக்கறதுக்கா?" என்றார் கலியமூர்த்தி. "எங்க வூட்டு மூணு மாச சோத்துக் காசுய்யா அது."

சக்கரபாணி கோபப்படவில்லை. கேமராவின் முதுகு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு சின்னத் தூரிகையால் உள்ளே தூசு தட்டிக்கொண்டிருந்தார். "அமுக்கறதுக்குக் காசே கெடையாதுங்க, அது ஓசி" என்றார். "நான் ரெண்டு கேமரா எடுத்தாருவன். தாலி கட்டுற நேரத்துல ரெண்டுலயும் எடுப்பன். ஒண்ணு மக்கர் பண்ணுனா இன்னொண்ணு காப்பாத்தும். மூணு ரோலு பிலிமு போவும். கூட எங்க மச்சான் வருவான். லைட்டு புடிக்கறதுக்கு மட்டும் இல்ல. கேமரா பைய மடியில வச்சிக்கிட்டுக் குந்தியிருப்பான். நான் ஒரு வாய் சாப்புடப் போனாலும் அவன் அத வுட்டு நவுர மாட்டான். அவனுக்குக் கூலி தரணும். எடுத்த ரோல தபால்ல போட மாட்டன். நானே பஸ் புடிச்சி மெட்ராசுக்குத் தூக்கிக்கிட்டுப் போயி, கழுவி முடியற மட்டும் லேப் வாசல்லயே கெடந்து வாங்கியாருவன். அப்பறம் ஆடி, மார்கழின்னு வருசத்துல பாதி நாளு வேலையில்ல. வயிறு அதுக்கு லீவு வுடுதா?"

"எல்லாம் சரிதான். அதுக்குன்னு இம்மாங் காசா?"

"ஒங்க சூளையில ஒரு ஜாடி கோணிக்கிச்சின்னா இன்னொரு ஜாடி செஞ்சிக்கலாம். 'தம்பி, படம் சரியா வுழுவல, இன்னொருக்கா தாலியக் கட்டு'ன்னு மாப்ளகிட்ட நான் கேக்க முடியுமா? நீங்க குடுக்கறது எடுக்கறதுக்கு இல்லீங்க. தப்பாமப் பாத்துக்கறதுக்கு."

சுப்புராயன் சிரித்தான். "நல்லாத்தான் கதை வுடுறாரு மாமா. நல்லூர்ல எங்க சித்தப்பன் மவ கல்யாணத்துல என்னா நடந்துது தெரியுமா? பளிச் பளிச்சுன்னு அடிச்சித் தள்ளுனான். ஆல்பத்துல பாத்தா பாதிப் பேரு மூஞ்சியே காணும். பிலிமே இல்லாம வெறும் லைட்டு! கேட்டுப் பாரு, இல்லன்னு சொல்லட்டும்."

"அது நெசந்தான்" என்றார் சக்கரபாணி. அவருக்குப் பொய் வராது, அதுதான் அவர் செய்த பாவம். "ரோலு ஒண்ணு, சனம் ஐநூறு. எல்லாரும் வந்து நிக்கறாங்க. மனசு நோவக் கூடாதுன்னு சில பேருக்குச் சும்மா லைட்டு அடிப்போம். அதுக்காவ முக்கியமானத வுட்டுடுவமா?"

அந்த வார்த்தை கலியமூர்த்தியின் மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அப்புறம் பேரத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஆளுக்கு ஒரு பக்கமாக இழுத்தார்கள். ரெண்டாவது கேமரா வேண்டாம் என்றான் சுப்புராயன். கூட ஆள் எதுக்கு, அவனுக்கு வேறு இலை போட வேண்டுமா என்றாள் கொளஞ்சியம்மாள். ஒரு ரோல் போதும், முப்பத்தாறு படம் என்ன கொஞ்சமா என்றார் கலியமூர்த்தி. கடைசியில் தொள்ளாயிரத்தில் வந்து நின்றது.

"நீங்க கொறச்சது என் கூலிய இல்லீங்க, அந்தப் பைய பாத்துக்கற ஆள" என்றார் சக்கரபாணி. பிறகு அவரே, "சரி வுடுங்க, பொண்ணு கல்யாணம்" என்று முன்பணத்தை வாங்கி மேசைக்குள் போட்டார்.

கல்யாணம் வீட்டு வாசலிலேயே, பந்தல் போட்டு நடந்தது. வைகாசி வெயில் ஏழு மணிக்கே பல்லைக் காட்டியது. செராமிக் ஆட்கள் எல்லாம் நகக்கண்ணில் வெள்ளை மண்ணோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். குழாய் ரேடியோ காதைக் கிழித்தது. சக்கரபாணி விடியும் முன்னே வந்துவிட்டார். ஒற்றைக் கேமராதான், அதுவும் பழையது. எத்தனை படம் ஆனது என்று காட்டும் முள் அதில் ஓடாது, மனசுக்குள்ளேயே எண்ணிக்கொள்வார். மாலையோடு மணையில் தனியாக உட்கார்ந்திருந்த கயல்விழியை முதலில் எடுத்தார். மாப்பிள்ளை வந்தது, தாலி கட்டியது, மெட்டி போட்டது, சொந்தக்காரர்கள் ஜோடிக்குப் பக்கத்தில் நின்றது என்று முப்பத்து நான்கு ஆனது. மிச்சம் ரெண்டைப் பந்திக்கு வைத்துக்கொண்டார்.

"வெறும் வயித்தோட நிக்கறீங்க, மொதல்ல சாப்புடுங்க" என்று கொளஞ்சியம்மாள் அவரைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போனாள். கேமராவைப் பையில் வைத்து, உள் அறையில் கல்யாணப் பெட்டிக்குப் பின்னால் மறைத்துவிட்டு, "யாரும் தொட வேணாம்னு சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் இலைக்குப் போனார்.

வெற்றிலைத் தட்டு எடுக்க அறைக்குள் போனார் கலியமூர்த்தி. சுப்புராயன் வாசல்படியில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். "என்னா மாமா, பளிச் பளிச்சுங்கறான்? பிலிமு போட்டானான்னு பாத்தியா?"

கேலிக்குத்தான் கேட்டான். கலியமூர்த்திக்கு அது கேலியாகப் படவில்லை. தொள்ளாயிரம் ரூபாய். மகள் வாய் திறந்து கேட்ட ஒரே பொருள். உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் எப்படி இருப்பது? பையிலிருந்து கேமராவை எடுத்தார். அன்றைக்கு ஸ்டூடியோவில் சக்கரபாணி குமிழை மேலே இழுத்து மூடியைத் திறந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, குமிழை இழுத்தார். மூடி திறந்தது. காப்பிக் கலரில் ஒரு நாடா, ஓரமெல்லாம் பல் பல்லாக ஓட்டையோடு, ஒரு பக்கத்துச் சுருளில் கெட்டியாகச் சுற்றிக்கொண்டு கிடந்தது. கண்ணைச் சுருக்கி நன்றாகப் பார்த்தார். பிறகு மூடியை அழுத்தி மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். ஒரு பார்வை.

"இருக்குதுடா. நெறையவே இருக்குது" என்று சுப்புராயனிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. நல்ல மனுஷன்மேல் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவரே பந்திக்குப் போய், சக்கரபாணி இலையில் ரெண்டு கரண்டி கேசரி வைத்தார்.

பதினைந்து நாள் கழித்து சக்கரபாணி வந்தார். கயல்விழியும் ராஜமாணிக்கமும் மறுவீடு வந்திருந்த சமயம். அவர் கையில் ஆல்பம் இல்லை. ஒரு காகித உறை மட்டும் இருந்தது. அதில் ஆறு படம். நாலில் கயல்விழி தனியாக, மாலையோடு. ரெண்டில் சனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மிச்சம்?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"வெளுத்துப்போச்சிங்க. சுருளுக்கு அடியில இருந்த மொத நாலும், அப்பறமா எடுத்த ரெண்டுந்தான் தப்பிச்சிது. நடுவுல பூரா வெளிச்சம் குடிச்சிடுச்சி." அவர் குரல் இறங்கிக் கிடந்தது. "இருவது வருசத் தொழில்ல எனக்கு இப்புடி ஆனதில்ல. மூடிய யாராச்சும் தொறந்தீங்களா? ஒரு நொடி தொறந்தாலும் போச்சிங்க. பிலிமுக்கு வெளிச்சந்தான் எமன்."

அப்போதுதான் கலியமூர்த்திக்குத் தெரிந்தது. அந்த மூடியைத் திறந்தது அவர் கைதான். புது மாப்பிள்ளை எதிரே நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் திறந்தேன் என்று சொல்ல ஒரு வாய்தான் தேவை. அந்த வாய் வரவில்லை.

"எவன் தொறப்பான்? எங்களுக்கு என்னாய்யா தெரியும் அதப் பத்தி?" என்றார். சொன்ன பிறகு அதற்கு வலு சேர்க்க வேண்டியிருந்தது, குரலையும் உயர்த்தினார். "கொறச்சிக் குடுத்தம்னு ஓட்டைக் கேமராவ எடுத்தாந்துட்டு எங்கமேல பழி போடுறியா?"

"ஜோடியா ஸ்டூடியோவுக்கு வரச் சொல்லுங்க. காசில்லாம நல்லதா ஒண்ணு எடுத்துத் தரன்."

"இன்னொருக்கா மாலை மாத்தச் சொல்றியா? அபசகுனம் புடிச்சவனே!" கொளஞ்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ராஜமாணிக்கமும், "எனக்கு டூட்டி இருக்குது" என்று எழுந்துவிட்டான்.

கயல்விழி அழவில்லை. "ஒண்ணே ஒண்ணுதான கேட்டன்" என்றாள். பிறகு சக்கரபாணியைப் பார்த்து, "ஒங்க கையி வெளங்காமப் போவட்டும்" என்றாள். யாரையும் அதிர்ந்து பேசாத பெண்.

சக்கரபாணி வாங்கிய முன்பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் படி இறங்கினார். சுப்புராயன் சும்மா இருப்பானா? தாலி கட்டுற படத்தையே வெளுக்க விட்ட கைராசிக்காரன் என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லி, மங்கலம்பேட்டை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். கலியமூர்த்தி தடுக்கவில்லை. சூளைக் கல்லை இழுக்கும்போதெல்லாம் அவருக்கு அந்தக் காப்பிக் கலர் நாடா கண்ணில் நின்றது. கல்லைச் செருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

ரெண்டாவது ஆடி வந்தது. வழக்கம்போலக் கயல்விழியை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆவணி பிறந்தால் மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப்போக வேண்டும். ஆவணி பிறந்தது, முதல் முகூர்த்தம் போனது, யாரும் வரவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் பெண்ணாடத்தில் ஒரு மண்டபத்தில் ராஜமாணிக்கம் வேறொருத்திக்குத் தாலி கட்டிவிட்டான் என்று பஸ்காரர்கள் மூலமாகத்தான் சேதி வந்தது. அவனுக்கு அரசாங்க பஸ்ஸில் வேலை கிடைத்திருந்தது. அந்த உத்தியோகத்துக்கு செராமிக் பொம்மைக்காரி பொருத்தமில்லாமல் போய்விட்டாள். இன்னும் வயிறு திறக்கவில்லை என்பது அவர்களுக்கு வாய்த்த சாக்கு.

கொளஞ்சியம்மாள் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கலியமூர்த்தி மகளைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஊர்ப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். மாப்பிள்ளை வீட்டார் துணிந்து ஒரே போடாகப் போட்டார்கள். கல்யாணமே நடக்கவில்லையாம். பத்திரிகை அடித்ததோடு நின்றுபோன சம்பந்தமாம். அந்தப் பெண் ராஜமாணிக்கத்தின் அம்மாவுக்கு ஒத்தாசைக்கு வந்து தங்கியிருந்ததாம். தெருக்காரர்கள் ஆமாம் என்றார்கள். மந்திரம் சொன்ன ஐயரும் அவர்கள் ஊர்க்காரர், எனக்கு ஞாபகமில்லை என்று நழுவிவிட்டார்.

"சொந்தக்காரன், கூட வேல செய்யறவன் சாட்சியெல்லாம் ஆவாது" என்றார் எஸ்.ஐ. "தாலி கட்டுற போட்டோ ஒண்ணு இருந்தா கொண்டா. இப்பவே அவன் வேலைய காலி பண்றன். அவங்க பாரு, கொண்டாந்து வச்சிட்டாங்க."

மேசைமேல் தலையணை கனத்தில் ஒரு ஆல்பம் கிடந்தது. கலியமூர்த்தி புரட்டினார். ராஜமாணிக்கம் அந்த ரெண்டாவது பெண்ணுக்குத் தாலி கட்டுகிறான். அடுத்த பக்கத்திலும் அதே முடிச்சு, வேறு பக்கமிருந்து. ரெண்டு கேமரா. எந்த ஆளோ பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பான். சக்கரபாணி எதற்குக் காசு கேட்டார் என்பது ஒண்ணேகால் வருஷம் கழித்து அந்த ஸ்டேஷன் மேசையில் கலியமூர்த்திக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

மறுநாள் காலையில் சக்கரபாணியைத் தேடிப் போனார். ஸ்டூடியோ இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை இருந்தது. சக்கரபாணிதான் ஒரு பள்ளிக்கூட டி.சி.யை மெஷினில் வைத்து மூடிக்கொண்டிருந்தார். லைட்டு ஸ்டாண்டுகள் நின்ற மூலையில் காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்தன. கண்ணாடி அலமாரியில் நோட்டும் பேனாவும்தான் இருந்தன. கலியமூர்த்தி எல்லாவற்றையும் பார்த்தார். அவர் இருந்த நிலையில் எதையும் யோசிக்கவில்லை.

"நான்தாங்க தொறந்தன்" என்றார், எடுத்த எடுப்பில்.

சக்கரபாணி மெஷினை நிறுத்தினார்.

"நீங்க சாப்புடப் போயிருந்தீங்க. பிலிமு இருக்குதான்னு பாக்கலாம்னு... சூளையில கல்ல இழுத்துப் பாப்பமே, அந்தப் புத்தியில தொறந்துட்டன். கெட்டுடும்னு சத்தியமா தெரியாது. தெரிஞ்சப்ப சொல்லத் துணிவு வரல."

சக்கரபாணி டி.சி.க்குக் காத்திருந்தவருக்கு நகலைக் கொடுத்து அனுப்பினார். பிறகு, "அன்னிக்கு ராத்திரிலேருந்து நான் எத்தன தடவ யோசிச்சிருப்பன் தெரியுமா? லேப்புல போச்சா, எங்கையில போச்சான்னு" என்றார். "எம்மேலயே எனக்கு நம்பிக்க வுட்டுப் போச்சிங்க. அதுக்கப்பறம் ஒரு கல்யாணத்துக்கும் கேமராவ தூக்கல."

கலியமூர்த்தி அவர் காலைத் தொடக் குனிந்தார். சக்கரபாணி நகர்ந்துகொண்டார். மேசைக்கடியிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்தார். உள்ளே அந்த நெகட்டிவ் துண்டுகள். அவர் எறியாமல் வைத்திருந்தார்.

"நான் வரன். நான் சொந்தக்காரன் இல்ல, பாத்தவன். ஆனா படம் எங்கன்னு என்னைய கேப்பாங்க. யாரால போச்சின்னு கேப்பாங்க. அத நீங்கதான் சொல்லணும், ஒங்க பொண்ண வச்சிக்கிட்டு."

"சொல்றன்."

சொன்னார். எஸ்.ஐ. முன்னால், ராஜமாணிக்கம் வீட்டார் முன்னால், கயல்விழி முன்னால், சூளைக்கல்லிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னார். பொய் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னபோது அந்த அறையே சிரித்தது.

"சூளை எரிக்கிறவரு கேமராவ தொறந்து பாத்தாராம். கேளுங்க கதைய" என்றார் ராஜமாணிக்கத்தின் மாமன். "இந்த போட்டோக்காரருக்கு எவ்வளவு குடுத்துக் கூட்டியாந்தீங்க?"

எஸ்.ஐ. அந்த நாலு படத்தில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். மணையில் மாலையோடு கயல்விழி தனியாக. "இதுல பொண்ணு மட்டுந்தாம்மா இருக்குது. மாப்ள எங்க?" என்றார். அவர் கெட்டவராகவும் பேசவில்லை. "கோர்ட்டுக்குப் போனா பத்து வருசம் இழுக்கும். நின்னுபோன சம்பந்தம்னு எழுதி, குடுத்த சாமானத் திருப்பி வாங்கிக்கிட்டு வேற எடம் பாருங்க. சின்ன வயசு."

கலியமூர்த்தி மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, சக்கரபாணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு விட்ட சாபம் அவளுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "என்னைய மன்னிச்சிடுங்கண்ணே" என்றாள். பிறகு பேனாவை வாங்கி, பொம்மைக்குக் கண் எழுதும் அதே நிதானத்தோடு கையெழுத்துப் போட்டாள். கட்டினவன் அவளுக்குக் கட்டவே இல்லை என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்டது.

வெளியே புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றபோது மாமியார்காரி பின்னாலேயே வந்தாள். சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு, முந்தானையை விரித்தாள்.

"அந்தத் தாலிய கழட்டிக் குடுத்துடும்மா. எங்க வூட்டுக் காசுல பண்ணுனது. ரெண்டு குண்டுமணி தங்கமானாலும் எங்களுது இல்லியா?"

கலியமூர்த்தி சட்டென்று திரும்பினார். நடக்காத கல்யாணத்துக்கு ஏது தாலி? "கேட்டீங்களா? ஐயா, கேட்டீங்களா, தாலியக் கேக்கறா!" என்று ஸ்டேஷன் வாசலைப் பார்த்துக் கத்தினார். வாசலில் நின்ற ஏட்டு, "கையெழுத்துத்தான் ஆயிடுச்சே, எடத்த காலி பண்ணுய்யா" என்று உள்ளே போய்விட்டார். கயல்விழி கயிற்றைத் தலைவழியே கழற்ற ஆரம்பித்திருந்தாள். அது கொண்டையில் மாட்டிக்கொண்டது. மாமியார்காரியே கை கொடுத்து அதை எடுத்துவிட்டாள்.

கலியமூர்த்தி சக்கரபாணியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "எடுங்க! இத எடுங்க! அவ வாங்கறத எடுங்க! எவ்வளவுன்னாலும் தரன், ரெண்டாயிரத்தி ஐநூறு தரன், அதுக்கு மேலயும் தரன், ஒண்ணே ஒண்ணு எடுங்க!"

"கேமரா ஏதுங்க எங்கிட்ட?" என்றார் சக்கரபாணி. "ரெண்டையும் வித்துத்தான் அந்த மெஷின வாங்குனன். கடைக்கு வந்தப்ப நீங்களே பாத்தீங்களே."

மாமியார்காரி தாலியை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். கலியமூர்த்தி மண்ணில் குந்திவிட்டார். கயல்விழி வெறும் கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து, அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எழுந்திரிப்பா, பஸ்ஸு வருது" என்றாள். "அதான் நீ கண்ணால பாத்துட்டியே."